வெள்ளமும் வெயிலும் தின்ற புல்தரை: மீட்பதா, பெயர்ப்பதா, விட்டுவிடுவதா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை ஓய்ந்து தண்ணீர் வடிந்தபோது, எங்கள் வீட்டு முன்புறப் புல்தரை சாம்பல் நிறச் சேற்றுப் பாயாகக் கிடந்தது. சென்னையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. தண்ணீர் நான்கு நாள் நின்றது. பொங்கல் சமயத்தில் அங்கங்கே பச்சை தலைகாட்டியதும், பிழைத்துவிட்டது என்று நினைத்து நான் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அடுத்து வந்த ஏப்ரலும் மேயும் மிச்சத்தை வறுத்து எடுத்தன. அக்னி நட்சத்திரம் முடிந்த வாரத்தில் போய்ப் பார்த்தால், 500 சதுர அடியில் பாதிக்கு மேல் வைக்கோல் நிறம்.

ஆளுக்கொரு யோசனை வந்தது. நர்சரிக்காரர் வந்து பார்த்து, “எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு மெக்சிகன் கார்ப்பெட் போட்டுடலாம் சார், ரெண்டே நாள் வேலை” என்றார். வயலில் வளர்த்து, மண்ணோடு பாயாக வெட்டி வந்து விரிக்கிற புல்லைத்தான் கார்ப்பெட் என்கிறார்கள். வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரர், “அருகம்புல்லு சாகாதுங்க சார், தண்ணிய மட்டும் ஒழுங்கா விடுங்க” என்றார். தம்பிக்கு டைல்ஸ் போட்டால் இன்னொரு வண்டி நிறுத்தலாம் என்று கணக்கு. அம்மாவோ, “அந்த ஓரத்துல தானா மொளைச்சிருக்கே பொடுதலை, அதையே விட்டுடேன்டா” என்றார். நான்கு பேரும் ஏதோ ஒரு விதத்தில் சரிதான். ஆனால் நான்கும் ஒரே இடத்துக்குச் சரியாக இருக்க முடியாது. அதைப் பிரித்துப் பார்க்க எனக்குக் கொஞ்ச காலம் ஆனது. அதே நிலையில் நிற்கிறவர்களுக்கு அந்தக் காலம் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னாலும், புல் செத்துவிட்டதா, படுத்திருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் புற்கள் வெப்பம் தாங்குபவை. தண்ணீர் இல்லாவிட்டால் இலையைக் காயவிட்டு, உயிரைத் தண்டின் அடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். மேலே பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான். காய்ந்த இடத்தில் ஒரு பிடி புல்லைப் பற்றி இழுத்துப் பாருங்கள். சீப்பில் முடி வருகிற மாதிரி வேரோடு கையில் வந்தால் அது முடிந்த கதை. (கீழே வெள்ளைப் புழு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வேரைத் தின்கிற வண்டுப் புழுவாக இருந்தால் வெயில்மேல் பழிபோட்டுப் பயனில்லை.) இழுக்க வராமல் பிடித்துக்கொண்டால், மண்ணை ஒட்டியிருக்கும் தண்டை நகத்தால் கீறுங்கள். உள்ளே வெள்ளையாகவோ இளம்பச்சையாகவோ கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக, உள்ளே கூடாக இருந்தால் இல்லை.

அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு மலிவான சோதனை உண்டு. காய்ந்த பகுதியில் வெவ்வேறு இடங்களில் ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாக நான்கைந்து குறித்துக்கொண்டு, அவற்றுக்கு மட்டும் இரண்டு வாரம் தண்ணீர் விடுங்கள். 500 சதுர அடிக்கு லாரித் தண்ணீர் வாங்கிக் கொட்டுவதற்கு முன், ஐந்து சதுர அடிக்கு இரண்டு வாளி ஊற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம். எங்கள் வீட்டில் ஐந்து கட்டத்தில் மூன்று துளிர்த்தன. துளிர்க்காத இரண்டும் மதில் ஓரத்துப் பள்ளத்தில் இருந்தன. டிசம்பரில் கடைசியாகத் தண்ணீர் வடிந்த இடமும் அதுதான்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயில் கொன்றது என்று நான் நினைத்துக்கொண்டிருந்த புல்லை டிசம்பர் வெள்ளமே பாதி கொன்றிருக்கிறது. தேங்கிய நீருக்கடியில் மண்ணில் காற்று இருக்காது, வேர் மூச்சுமுட்டி அழுகும். ஓடுகிற குளிர்ந்த நீரைவிட, தேங்கி வெயிலில் சூடேறிய கலங்கல் நீர் இன்னும் மோசம். வெள்ளம் விட்டுப்போன வண்டல் காய்ந்ததும் ஓடு மாதிரி மேலே இறுகிக்கொள்கிறது. அப்படி வேர் குட்டையாகிப்போன புல்தான் ஏப்ரலில் வெயிலைச் சந்திக்கிறது. ஆழத்தில் ஈரம் இருந்தாலும் எட்டிக் குடிக்க வேர் இல்லை. இரண்டு அடியும் சேர்ந்து விழுந்த இடம் போனது, ஒரு அடி மட்டும் விழுந்த இடம் தப்பியது.

இனி வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, இருப்பதைத் தேற்றுவது. செலவு குறைவு, பொறுமை அதிகம். பாதிக்கு மேல் உயிர் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் இதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. வெள்ளத்துக்குப் பிறகு என்றால் முதல் வேலை வண்டலை எடுப்பது. அரை அங்குலத்துக்குள் படிந்திருந்தால் காய்ந்ததும் வாருகோலால் உடைத்துப் பெருக்கிவிடலாம். ஓரிரண்டு அங்குலம் இருந்தால் மண்வெட்டியால் மேலாகச் சீவி எடுக்க வேண்டும். அதைப் புல்மேலேயே விட்டால் மூடிக் கொன்றுவிடும். ஈரமாக இருக்கும்போது உள்ளே இறங்கி மிதிக்கக்கூடாது. நான் ஆர்வக்கோளாறில் இரண்டாம் நாளே கம் பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்தக் காலடித் தடங்கள் ஆறு மாதம் கழித்தும் புல் முளைக்காத குழிகளாக இருந்தன. இன்னொன்று, நகரத்து வெள்ளத்தில் சாக்கடை கலந்தே இருக்கும். செருப்பும் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைச் செய்யாதீர்கள். எலிக்காய்ச்சல் விளையாட்டில்லை. எண்ணூர்ப் பக்கம் அந்த டிசம்பரில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததே, அந்த மாதிரி இடங்களில் தேற்றும் பேச்சுக்கே இடமில்லை. மேல்மண்ணை எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அப்புறம் இறுகிய மண்ணைத் திறக்க வேண்டும். நான்கு பல் உள்ள தோட்டத்து முள்கரண்டியை அரை அடிக்கு ஒரு குத்தாக நான்கு அங்குல ஆழம் இறக்கி, லேசாக ஆட்டி எடுத்தால் போதும். கடப்பாரையாலும் செய்யலாம், தோள்பட்டை போய்விடும். 500 சதுர அடிக்கு ஓர் ஆளுக்கு ஒரு நாள் வேலை. குத்திய துளைகளின்மேல் சலித்த செம்மண்ணும் நன்றாக மக்கிய எருவும் கலந்து கால் அங்குலம் தூவ வேண்டும். இந்தப் பரப்புக்குச் சுமார் 10 கன அடி கலவை, அதாவது எட்டு சிமென்ட் மூட்டை அளவு. எரு மக்காததாக இருந்தால் களை விதையைக் காசு கொடுத்து வாங்கித் தூவினதாகிவிடும். கோரை ஏற்கெனவே இருந்தால் சொல்லவே வேண்டாம். களிமண்ணாக இருக்கிறதே, மணலைக் கொட்டிச் சரிசெய்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. களிமண்ணில் கொஞ்சம் மணல் கலந்தால் கிடைப்பது பொலபொலவென்ற மண் இல்லை, ஏறக்குறைய செங்கல்.

உரம்தான் எல்லோரும் அவசரப்படுகிற இடம். மஞ்சளாக இருக்கிறது, யூரியா போட்டால் பச்சையாகும் என்று தோன்றும். வேர் இல்லாத புல்லுக்கு யூரியா கொடுப்பது, காய்ச்சல்காரனுக்குப் பிரியாணி போடுகிற மாதிரி. புது இலை வந்து ஒருமுறை வெட்டுகிற உயரம் வளர்ந்த பிறகு, 500 சதுர அடிக்குக் கால் கிலோவில் ஆரம்பித்தால் போதும். அதுவும் காய்ந்த இலைமேல் தூவிவிட்டுப் போகாமல், உடனே தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். வேப்பம் பிண்ணாக்கு மெதுவாக வேலை செய்யும், கரையானுக்கும் ஓரளவு ஆகும். நான் அதைத்தான் விரும்புகிறேன். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே தடவையில் எடுக்கக்கூடாது. கோடையில் இன்னும் உயரமாகவே விட்டுவையுங்கள். புல்லின் நிழல் விழுந்தால்தான் அதன் மண் சூடேறாமல் இருக்கும்.

தண்ணீர்க் கணக்கை இங்கேயே போட்டுவிடலாம், எல்லா வழிக்கும் இதுதான் அடிப்படை. கோடையில் வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு லிட்டர். 500 சதுர அடி என்பது சுமார் 46 சதுர மீட்டர். ஆக, வாரத்துக்கு 1,150 லிட்டருக்குச் சற்று மேல். வீட்டில் போர் தண்ணீர் தாராளமாக இருந்தால் இது பெரிய விஷயமில்லை. 2019 கோடையில் சென்னை குடங்களோடு வரிசையில் நின்றதை மறக்காதவர்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். எனக்கு உறுத்தியது. அதை வாரத்துக்கு இரண்டு தடவையாக, விடியற்காலையில், ஆழமாக விட வேண்டும். தினமும் சாயங்காலம் குழாயைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் தெளிப்பது மனசுக்கு இதமாக இருக்கும், வேருக்கு எட்டாது. மேலாக ஈரம் கிடைத்தால் வேரும் மேலேயே நின்றுவிடும்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் புல்லுக்குத் திருப்பிவிடும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எங்கள் வீட்டிலும் இருந்தது. குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் கழுவிக்கொண்டு போகும், கோடையில் மண்ணிலேயே தங்கும். மண்மேல் வெள்ளைப் பூப்பு, இலை நுனி மட்டும் கருகல் என்று இருந்தால் வெயிலைச் சந்தேகிப்பதற்கு முன் உப்பைச் சந்தேகியுங்கள். துணி துவைத்த தண்ணீரும் அப்படித்தான்.

இரண்டாவது வழி, ஒட்டுப்போடுவது. மூன்றில் ஒரு பங்கு, நாலில் ஒரு பங்கு அடியோடு போயிருந்தால், தேற்றுவதோடு சேர்த்து அந்த இடங்களுக்கு மட்டும் இது. செத்த இடத்தைக் கொத்தி, பள்ளமாக இருந்தால் மண் போட்டு ஏற்றி, நன்றாக இருக்கும் இடத்திலிருந்தே தண்டுகளை எடுத்து நடுவது. இதில் ஒரு பைசா புல்லுக்குச் செலவில்லை. அதைவிடப் பெரிய நன்மை, புதுப் புல்லும் பழைய புல்லும் ஒரே நிறம், ஒரே இலை. கார்ப்பெட் வாங்கி ஒட்டினால் கிழிந்த வேட்டியில் வேறு நிறத் துணி வைத்துத் தைத்தது மாதிரி வருஷக்கணக்கில் தெரியும். இரண்டு கணு உள்ள துண்டுகளாக, நான்கு முதல் ஆறு அங்குல இடைவெளியில், ஒரு கணு மண்ணுக்குள் இருக்கும்படி நட வேண்டும். அருகு இரண்டு மூன்று மாதத்தில் மூடிக்கொள்ளும். மெக்சிகன், கொரியன் வகைகள் மெதுவாகத்தான் நகரும், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் வரை ஆகலாம். அந்த இடைவெளியில் களை எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். புல்லை நறுக்கிச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகுகிற முறையும் உண்டு. பழைய தோட்டக்காரர்களுக்குத் தெரியும். பெரிய இடத்துக்கு அது ஆள்கூலியை நன்றாகக் குறைக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுக் கார்ப்பெட். காலையில் வெறும் மண், சாயங்காலம் பச்சைக் கம்பளம். வீட்டில் விசேஷம் வருகிறது, உடனே வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழியில்லை. செலவில் இதுதான் உச்சம். புல் விலை சதுர அடிக் கணக்கில் சொல்வார்கள், ஆனால் பழையதைக் கொத்தி அப்புறப்படுத்தும் கூலி, செம்மண் லோடு, எரு எல்லாம் தனி. இரண்டு அங்குலம் செம்மண் பரப்பவே ஏறக்குறைய ஒரு யூனிட், அதாவது நூறு கன அடி ஆகும். விலை கேட்கும்போது “மண்ணோட சேர்த்தா, புல் மட்டுமா?” என்று கேட்டுவிடுங்கள்.

பணத்தைவிட எனக்கு இருக்கிற தயக்கம் வேறு. கார்ப்பெட் புல் எந்த வயலில் வளர்ந்ததோ அந்த வயல் மண்ணோடு வருகிறது. அது பெரும்பாலும் களிமண். கற்றை கற்றையாகப் பிரியாமல் இருக்க அதுதான் வசதி. நம் வீட்டு மண்மேல் அந்த ஓரங்குலக் களியை விரித்தால் தண்ணீர் மேல் அடுக்கிலேயே தயங்கி நிற்கும், வேரும் கீழே இறங்க யோசிக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பகுதியில் இது இன்னும் அதிகமாகத் தெரியும். போடுவதற்கு முன் அடிமண்ணை ஆறு அங்குலம் கொத்திவிட்டு, விரித்த பின் துளை குத்தினால் கொஞ்சம் சமாளிக்கலாம். ஆனால் “ரெண்டே நாள் வேலை” என்று சொல்பவர்கள் கொத்துவதைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். நண்பர் ஒருவர் வீட்டில் அப்படித்தான் நடந்தது. வெள்ளத்தில் இறுகிய மண்மேல் அப்படியே விரித்துவிட்டுப் போனார்கள். மூன்று மாதம் அழகாக இருந்தது. அடுத்த மழைக்குப் பாய் மாதிரி சுருட்டி எடுக்க வந்தது.

பெயர்த்துப் போடுவதுதான் முடிவு என்றால், எந்தப் புல் என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. புல்லின் அழகைவிட அது தண்டை எங்கே வைத்திருக்கிறது என்பதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அருகுக்கு மண்மேல் ஓடுதண்டும் உண்டு, மண்ணுக்குள் மட்டத்தண்டும் உண்டு. மேலே எல்லாம் கருகினாலும் கீழேயிருந்து திரும்ப வரும். அதனால்தான் வயலில் அதை ஒழிக்க விவசாயி படாதபாடு படுகிறார், அதனால்தான் நம் முன்னோர் “ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி” என்று வாழ்த்தினார்கள். நீரில் மூழ்கினாலும் தாங்கும், வறட்சியும் தாங்கும். ஒரே நிபந்தனை வெயில். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத இடத்தில் மெலிந்து மெலிந்து காணாமல் போகும். தவிர, கோடு போட்ட இடத்தில் நிற்கிற குணம் அதற்குக் கிடையாது. பூச்செடிப் பாத்தியில், நடைபாதை இடுக்கில் எல்லாம் நுழையும்.

நர்சரிகளில் மெக்சிகன், கொரியன் என்ற பெயர்களில் விற்பவை சோய்சியா இனம். இவற்றுக்கும் மண்ணுக்குள் தண்டு உண்டு, அதனால் வறட்சியில் படுத்து எழும். அரை நிழல் தாங்கும். மெத்தென்று அடர்த்தியாக இருக்கும், அடிக்கடி வெட்ட வேண்டாம். வெள்ளம் மட்டும் அருகு அளவுக்குத் தாங்காது, அடிபட்டால் ஆறுவதற்கும் நாளாகும். பஃபலோ கிராஸ் என்று இங்கே சொல்லப்படும் அகல இலைப் புல்லுக்கு மண்ணுக்குள் தண்டு கிடையாது. எல்லாம் மேலே ஓடுவதுதான். ஒரு கோடையில் அந்தத் தண்டு காய்ந்துவிட்டால் திரும்பி வர ஒன்றும் மிச்சமிருக்காது. ஆனால் வேப்பமர நிழலில், இரண்டு வீட்டுக்கு நடுவில், உப்புத் தண்ணீர் பாய்கிற இடத்தில் மற்றவை தோற்கிற மூலைகளில் அது நிற்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு பெயர் சொல்கிறேன்: பாஸ்பாலம். கடலோர கோல்ஃப் மைதானங்களில் போடுகிற புல். உப்பும் தாங்கும், தேங்கிய நீரும் தாங்கும். எல்லா நர்சரியிலும் கிடைக்காது, சொல்லிவைத்து வாங்க வேண்டும். உப்புக்கு ஜிப்சம் போடச் சொல்வார்கள். சோடியம் ஏறி இறுகிப்போன களிமண்ணில் அது வேலை செய்யும். வெறும் மணலில் உப்பு என்றால், நல்ல மழை இரண்டு பெய்து கழுவிக்கொண்டு போவதுதான் வைத்தியம்.

ஊட்டித் தாவரவியல் பூங்காப் புல்வெளியைப் பார்த்துவிட்டு வந்து அதே மாதிரி வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. அங்கே பிரச்சினை உறைபனி. அந்தக் குளிரில் வாழ்கிற கிக்குயூ புல்லைக் கொண்டுவந்து, 2003 மே மாதம் 45 டிகிரி தொட்ட சென்னையில் நட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது வழி, அந்த இடத்தில் புல் வேண்டாம் என்று விடுவது. இதைத் தோல்வி மாதிரி பார்க்கிறோம், அப்படிப் பார்க்க வேண்டியதில்லை. அம்மா சொன்ன பொடுதலையை முதலில் நான் களை என்றுதான் பிடுங்கினேன். ஏரிக்கரையிலும் வரப்பிலும் தானாகப் படர்கிற செடி, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவார்களே அதேதான். கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு தரையாகப் படரும். தண்ணீர் நின்றாலும் சரி, கொஞ்சம் உப்பானாலும் சரி. ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் புல்லைவிடக் குறைந்த தண்ணீரில் பச்சையாக இருக்கும். வெட்டும் வேலை ஏறக்குறைய இல்லை. வெளிநாடுகளில் இதன் ரகங்களைப் புல்லுக்கு மாற்றாக விலைக்கு விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் மர்ரே–டார்லிங் ஆற்றுச் சமவெளியில் இதன் நெருங்கிய உறவுச் செடி ஒன்றைப் பெருங்களையாகப் பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே இது சொந்த ஊர்ச் செடி, அந்தப் பயம் இல்லை. குறை என்னவென்றால், பூ விட்டால் தேனீ வரும். வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகிற இடத்துக்கு அது ஒத்துவராது. கிரிக்கெட் ஆடுகிற அளவு மிதியும் தாங்காது.

பிளாஸ்டிக் புல்லைப் பற்றி ஒரே பத்தி. மொட்டை மாடியிலோ வெளியிலோ சென்னை மே மாத மதிய வெயிலில் அதன்மேல் காலை வைத்துப் பாருங்கள். 60 டிகிரியைத் தாண்டிச் சூடாகும் பொருள் அது. வெள்ளம் வந்தால் சேறு இழைகளுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். டைல்ஸும் எனக்கு வேண்டாம். மழைநீர் சேகரிப்பைத் தமிழகம் கட்டாயமாக்கி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருக்கிற கொஞ்சம் மண்ணையும் மூடிவிட்டுத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று புலம்ப மனம் வரவில்லை. தம்பி இன்னும் இதை ஒத்துக்கொள்ளவில்லை.

எந்த வழியானாலும் நேரம் தவறினால் வீண். அக்னி நட்சத்திரத்தில் நட்டால் தண்ணீர் விட்டு மாளாது. அக்டோபரில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து மூழ்கடிக்கும். “ஆடிப்பட்டம் தேடி விதை” என்பது நெல்லுக்கும் காய்கறிக்கும் சொன்னது என்றாலும் சென்னைப் புல்லுக்கும் பொருந்துகிறது. ஜூலை, ஆகஸ்டில் மாலை மழை அவ்வப்போது உதவும், அக்டோபருக்குள் வேர் இறங்கிவிடும். டிசம்பர் வெள்ளத்தில் போன புல்லை ஜனவரியில் மீட்க ஆரம்பித்தால், கோடைக்கு முன் மூன்று மாதம் கிடைக்கும். நான் அந்த மூன்று மாதத்தைத்தான் கோட்டைவிட்டேன்.

கடைசியில் நாங்கள் செய்தது எந்த ஒரு வழியும் இல்லை, நான்கில் மூன்றின் கலவை. நர்சரிக்காரரை அனுப்பிவிட்டேன், கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. மேட்டுப் பக்கம் 300 சதுர அடியில் அருகைத் தேற்றினோம். நடுவில் திட்டுத்திட்டாகப் போன இடங்களில் அங்கிருந்தே தண்டு எடுத்து நட்டோம். நட்டது ஆடி மாதம், தோட்டக்காரர் நாள் பார்த்துத்தான் வந்தார். வாசலிலிருந்து மதில் நோக்கி நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் சரிவு கொடுத்தோம். முப்பது அடி நீளத்துக்கு நான்கு அங்குலத்துக்கும் கொஞ்சம் குறைவுதான், கண்ணுக்கே தெரியாது. மதிலோரப் பள்ளத்தில் ஒரு சிறிய உறிஞ்சுகுழி. அதைச் சுற்றியுள்ள இடத்தைப் பொடுதலைக்குக் கொடுத்துவிட்டோம். தண்ணீர்க் கணக்கும் வாரத்துக்கு 1,150 லிட்டரிலிருந்து 700 லிட்டருக்கு இறங்கியது.

2024 அக்டோபர் நடுவில் ஒரு பெருமழை வந்தது. வேளச்சேரி மேம்பாலத்தில் ஆட்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திய அந்த மழைதான். எங்கள் பள்ளத்தில் ஒன்றரை நாள் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பொடுதலைமேல் படிந்திருந்த சேற்றை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தபடி, “அந்த மூலையில இருக்கறத நாளைக்குத் துவையலுக்குப் பறிக்கலாம்னு இருந்தேன்” என்றார். சாக்கடைத் தண்ணீர் நின்ற செடி, அது வேண்டாம் என்று சொல்லித் தடுக்க வேண்டியிருந்தது.